வீடியோ போக்கர்: ஒரு கைக்கு எத்தனை விநாடி?

திருகோணமலையில் கசினோ இல்லை. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் எத்தனை ஹோட்டல் வந்தாலும், கசினோ என்றால் கொழும்புக்குத்தான் போக வேண்டும். இல்லாவிட்டால் ரொறன்ரோவிலோ சிட்னியிலோ இருக்கும் சொந்தக்காரரைப் பார்க்கப் போகும்போது அவர்கள் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போவார்கள். அப்படிப் போகிற நம் ஊர் ஆட்களில் காட்ஸ் பழக்கம் உள்ளவர்களுக்கு வீடியோ போக்கர் மெஷினைக் கண்டால் ஒரு நம்பிக்கை வரும். திரையில் தெரிந்த காட்ஸ், எதிரே முறைத்துப் பார்க்க ஆள் இல்லை, கூச்சம் இல்லை. உட்கார்ந்து விடுவார்கள்.

உட்கார்ந்த பிறகு நடப்பதுதான் கவலை. மேசை விளையாட்டில் வேகம் டீலரின் கையில் இருக்கிறது. அவர் காட் கலைத்துப் போட்டு, மற்றவர்களின் கணக்கைத் தீர்த்த பிறகுதான் அடுத்த கை, அதாவது அடுத்த ஆட்டம். மெஷினில் உங்களைத் தடுக்க யாருமில்லை. விரல் எவ்வளவு வேகமாகப் போகிறதோ அவ்வளவு வேகமாகக் காசும் போகும். பழகியவர்கள் ஒரு மணித்தியாலத்தில் 600 கை விளையாடுவார்கள், இன்னும் வேகமானவர்கள் 800ஐயும் தாண்டுவார்கள். புதிதாக வருபவர் பக்கத்து ஆளைப் பார்த்து அதே வேகத்தில் அழுத்தத் தொடங்கிவிடுகிறார்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தொடங்குபவருக்கு ஒரு கைக்கு 15 விநாடி. அதாவது மணித்தியாலத்துக்கு 240 கை. கை நன்றாகப் பழகிய பிறகு 12 விநாடி, அதாவது 300 கை. ஏன் இந்தக் கணக்கு, அதை எப்படிக் கடைப்பிடிப்பது என்று இனிப் பார்ப்போம்.

முதலில், 304ஐ மறந்துவிடுங்கள்

வீடியோ போக்கர் என்பது 52 காட் கொண்ட ஒரு கட்டு. பந்தயம் வைத்து டீல் பொத்தானை அழுத்தினால் ஐந்து காட் வரும். வேண்டியதை ஹோல்ட் செய்து, வேண்டாததை எறிந்து, ஒரே ஒரு முறை மாற்றிக்கொள்ளலாம். கடைசியில் கையில் இருப்பதற்கு மெஷினில் எழுதியிருக்கும் அட்டவணைப்படி காசு. எதிராளி இல்லை, ஏமாற்றி மிரட்டும் வேலையும் இல்லை. இப்போது நாம் பார்க்கும் வடிவத்தை அமெரிக்காவில் ஐஜிடி நிறுவனம் 1979 வாக்கில் பரப்பியது. மிகவும் பரவலான வகை ஜாக்ஸ் ஓர் பெற்றர். ஜாக், குயின், கிங், ஏஸ் இவற்றில் ஒரு சோடி இருந்தால்தான் பந்தயக் காசாவது திரும்பி வரும்.

நம் ஊரில் காட்ஸ் என்றாலே முந்நூற்று நாலுதான். அதில் ஜாக் முப்பது, ஒன்பது இருபது. ஏஸ்கூட அதற்குப் பிறகுதான். கிங்கையும் குயினையும் யாரும் பெரிதாக மதிப்பதில்லை. அந்தப் பழக்கம் விரலில் ஊறியிருக்கும். ஆகவே வேகமாக விளையாடும்போது கை தானாகவே ஒன்பதைப் பிடித்து வைக்கும்.

ஒரு கையைப் பாருங்கள். ஹார்ட் ஜாக், ஹார்ட் ஒன்பது, கிளாவர் ஆறு, ஸ்பேட் நான்கு, டயமன் இரண்டு. 304 ஆடி வளர்ந்தவருக்கு ஜாக்கும் ஒன்பதும் கண்ணைப் பறிக்கும், இரண்டையும் ஹோல்ட் செய்வார். சரியான விளையாட்டு ஜாக்கை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற நான்கையும் மாற்றுவதுதான். இங்கே ஒன்பதுக்குத் தனி மதிப்பே கிடையாது. ஒன்பதில் ஒரு சோடி வந்தாலும் காசு வராது. அந்தச் சோடியை எறியக் கூடாது, அது வேறு விஷயம். மூன்றாவது ஒன்பது வரும் வாய்ப்புக்காக அதை வைத்திருக்க வேண்டும். ஆனால் வென்றுவிட்டோம் என்று நினைத்து அடுத்த கைக்கு ஓடக் கூடாது.

இந்தத் திருத்தம் மூளைக்குள் போக நேரம் எடுக்கும். அதற்குத்தான் அந்த 15 விநாடி.

உட்காருவதற்கு முன் அட்டவணையைப் படியுங்கள்

எல்லா மெஷினும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் ஒன்றல்ல. வேறுபாடு இரண்டே இரண்டு வரியில் இருக்கிறது: ஃபுல் ஹவுஸுக்கு (ஒரே எண் மூன்றும் இன்னொரு எண்ணில் சோடியும்) எவ்வளவு, ஃப்ளஷுக்கு (ஐந்தும் ஒரே இனம்) எவ்வளவு. ஒரு நாணயத்துக்கு ஃபுல் ஹவுஸ் 9, ஃப்ளஷ் 6 என்று இருந்தால் அது 9-6 மெஷின். தவறில்லாமல் விளையாடினால், நீண்ட கால சராசரியில் வைத்த காசில் 99.54 சதவீதம் திரும்பி வரும். 8-5 என்றால் 97.3 சதவீதம். 6-5 என்றால் 95 சதவீதம்.

மீதி எங்களுக்குச் செலவு. அதை வேகத்தோடு பெருக்கிப் பார்க்க வேண்டும். ஒரு கைக்கு 100 ரூபாய் பந்தயம் என்று வைப்போம். 300 கை என்றால் மணித்தியாலத்தில் 30,000 ரூபாய் மெஷினுக்குள் போய் வருகிறது. 9-6 மெஷினில் இதற்கான சராசரி நட்டம் 138 ரூபாய். 8-5இல் 810. 6-5இல் 1,500. வேகத்தை 600 கைக்குக் கூட்டினால் எல்லாமே இரட்டிக்கும்: 276, 1,620, 3,000.

இந்த எண்களைக் கவனமாகப் பாருங்கள். நல்ல அட்டவணையில் வேகமாக விளையாடுபவர், மோசமான அட்டவணையில் மெதுவாக விளையாடுபவரைவிடக் குறைவாகத்தான் இழக்கிறார். அதனால் முதல் வேலை அட்டவணை, இரண்டாவதுதான் வேகம். 6-5 மட்டுமே இருக்கிற இடமென்றால் விளையாடாமல் திரும்புவதே நல்லது. பொழுதுபோக்குக்கு என்று உட்கார்ந்தே ஆக வேண்டுமென்றால் பந்தயத்தைக் குறைத்து 15 விநாடியை விட்டு அசையாதீர்கள்.

பந்தயத்தைக் குறைப்பதிலும் ஒரு முறை உண்டு. அனேகமாக எல்லா மெஷினிலும் ஒரு கைக்கு ஒன்று முதல் ஐந்து நாணயம் வரை வைக்கலாம். ரோயல் ஃப்ளஷ் (ஒரே இனத்தில் பத்து, ஜாக், குயின், கிங், ஏஸ்) வந்தால் நான்கு நாணயம் வரை ஒன்றுக்கு 250 வீதம்தான். ஐந்து வைத்திருந்தால் மொத்தம் 4,000, அதாவது ஒன்றுக்கு 800. ஐந்துக்குக் குறைத்தால் திரும்பி வரும் வீதத்தில் சுமார் 1.4 சதவீதத்தை இழக்கிறீர்கள். ஆகவே 20 ரூபாய் நாணயத்தில் இரண்டு வைப்பதைவிட, இருந்தால் 5 ரூபாய் நாணய மெஷினைத் தேடி ஐந்தும் வையுங்கள்.

வீட்டில் ஒரு கட்டுக் காட்ஸ் போதும்

கொழும்புக்கு ரிக்கெட் எடுக்க முன் விறாந்தையில் உட்கார்ந்து பழகுங்கள். ஒருவர் ஐந்து காட் வைக்கட்டும். நீங்கள் எதைப் பிடிப்பது, ஏன் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் கையில் சரியான வரிசை எழுதிய தாள் இருக்கட்டும். கைகளைக் கலந்து போட்டால் கடினமானவை அடிக்கடி வராது, அதனால் கடினமானவற்றை அவர் வேண்டுமென்றே பொறுக்கி வைக்க வேண்டும்.

தாளில் மேலே இருந்து கீழாக எழுத வேண்டியது இது. முதல் ஐந்து காட்டிலேயே வந்த ரோயல், ஸ்ட்ரெயிட் ஃப்ளஷ் (ஒரே இனத்தில் வரிசையாக ஐந்து), ஒரே எண் நான்கு ஆகியவற்றைத் தொடவே வேண்டாம். அடுத்தது ரோயலுக்கு நான்கு காட், அதாவது இன்னும் ஒன்று வந்தால் ரோயல். இதற்காக வந்த ஃப்ளஷையும் ஸ்ட்ரெயிட்டையும்கூட (இனம் கலந்து வரிசையாக ஐந்து) உடைக்கலாம். பிறகு ஃபுல் ஹவுஸ், ஃப்ளஷ், ஸ்ட்ரெயிட், ஒரே எண் மூன்று. பிறகு ஸ்ட்ரெயிட் ஃப்ளஷுக்கு நான்கு, இரண்டு சோடி, உயர் சோடி (ஜாக் முதல் ஏஸ் வரை), ரோயலுக்கு மூன்று, ஃப்ளஷுக்கு நான்கு, சிறிய சோடி, இரு பக்கமும் திறந்த ஸ்ட்ரெயிட்டுக்கு நான்கு (எந்தப் பக்கம் ஒன்று சேர்ந்தாலும் வரிசை நிறையும்). அதற்குக் கீழே ஒரே இனத்து இரண்டு உயர் காட், ஸ்ட்ரெயிட் ஃப்ளஷுக்கு மூன்று, வெவ்வேறு இனத்து இரண்டு உயர் காட், பத்தோடு ஒரே இனத்தில் ஜாக் அல்லது குயின் அல்லது கிங், கடைசியாக ஒற்றை உயர் காட். இவற்றில் ஒன்றுமே இல்லையென்றால் ஐந்தையும் எறியுங்கள்.

அவசரத்தில் அதிகம் தவறுவது இப்படியான கையில்தான்: ஏழு, எட்டு, எட்டு, ஒன்பது, பத்து, இனம் கலந்து. கண் முதலில் வரிசையைத்தான் பிடிக்கும். ஏழு, எட்டு, ஒன்பது, பத்து நான்கையும் வைத்து ஒரு எட்டை எறிந்தால், மீதி 47 காட்டில் உதவுவது எட்டு. ஸ்ட்ரெயிட்டுக்கு நான்கு மடங்கு கிடைக்கும். சராசரியாகப் பந்தயத்தின் 0.68 மடங்கு திரும்பும். எட்டுச் சோடியை வைத்து மூன்றை மாற்றினால் 0.82. வித்தியாசம் 0.14, நூறு ரூபாய்ப் பந்தயத்தில் 14 ரூபாய். சின்னத் தொகைபோல இருக்கும். ஆனால் 9-6 மெஷினில் ஒரு கைக்கான சராசரிச் செலவு 46 சதம்தான். ஒரு தவறு, 30 கை விளையாடிய செலவுக்குச் சமமாகிவிடுகிறது. வேகம் கூடும்போது கைகளின் எண்ணிக்கை மட்டுமல்ல, ஒவ்வொரு கையின் விலையும் கூடுகிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னொரு பழக்கத்தையும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்: குயின் சோடி வந்ததும் கூடவே ஒரு ஏஸையும் துணைக்கு வைத்திருப்பது. மேசைப் போக்கரில் அதற்கு ஒரு காரணம் இருக்கலாம். இங்கே அது மாற்றக் கிடைக்கும் மூன்று காட்டை இரண்டாகக் குறைக்கிறது, அவ்வளவுதான்.

மெஷினுக்கு முன்னால்

பல மெஷின்களில் காட் விரியும் வேகத்தை மாற்ற ஒரு பொத்தான் அல்லது திரையில் ஒரு குறி இருக்கும். மிகக் குறைந்த வேகத்தில் வையுங்கள். பணியாளரிடம் கேட்டால் காட்டித் தருவார்.

பிறகு ஒவ்வொரு கைக்கும் ஒரே ஒழுங்கு. டீல் அழுத்தியதும் கையைப் பொத்தானிலிருந்து எடுத்து மடியில் வையுங்கள். ஐந்து காட்டையும் இடமிருந்து வலம் பாருங்கள். முதலில் சோடி, அடுத்து இனம், அடுத்து வரிசை என்ற ஒழுங்கில் தேடுங்கள். முடிவெடுத்த பிறகு கையைக் கொண்டுபோய் ஹோல்ட் பொத்தான்களை அழுத்துங்கள். இப்போதுதான் பெரும்பாலோர் விட்டுவிடும் படி: காட் மாற்றும் டிரோ பொத்தானை அழுத்த முன் திரையில் எந்தக் காட்டுகளுக்கு மேல் ஹோல்ட் என்று விழுந்திருக்கிறது என்று பாருங்கள். வேகமாகத் தட்டினால் சில பொத்தான் பதியாது. இரண்டு தரம் தட்டுப்பட்டால் விழுந்த ஹோல்ட் நீங்கிவிடும். எறிந்த காட் திரும்பி வராது. மூன்று ஏஸில் ஒன்றைத் தெரியாமல் எறிந்துவிட்டுப் பணியாளரைக் கூப்பிட்டுப் பயனில்லை.

டிரோவுக்குப் பிறகு, என்ன வந்தது, கிரெடிட் எண் (மெஷினில் உங்கள் கணக்கில் இருக்கும் நாணயம்) எவ்வளவு கூடியது என்று பார்த்துவிட்டு அடுத்த கைக்குப் போங்கள். இவ்வளவையும் ஒழுங்காகச் செய்தால் 12 முதல் 15 விநாடி தானாகவே ஆகும், வேகத்தை இழுத்துப் பிடிக்கத் தேவையில்லை.

சரிபார்க்கக் கைக்கடிகாரம் போதும். ஐந்து நிமிடத்தில் எத்தனை கை என்று மனதில் எண்ணுங்கள். 20 என்றால் 240 வேகம். 25 என்றால் 300. 40ஐத் தாண்டியிருந்தால் எழுந்து போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். அரை மணித்தியாலத்துக்கு ஒரு தரம் இப்படி எண்ணுங்கள், ஏனென்றால் வேகம் நமக்குத் தெரியாமலேதான் ஏறும்.

வேகமாக அழுத்தினால் நல்ல காட் வருமா?

வராது. உள்ளே இருக்கும் கணினி நிரல் நீங்கள் தொடாதபோதும் எண்களைக் கலைத்துக்கொண்டே இருக்கிறது. நீங்கள் அழுத்தும் கணத்தில் எது இருக்கிறதோ அது வரும். மெதுவாக அழுத்தினாலும் அப்படித்தான். மெஷின் சூடாக இருக்கிறது, இப்போது விடாமல் அடி என்று பக்கத்தில் நிற்பவர் சொல்வதை நம்ப வேண்டாம். முந்திய கைக்கும் அடுத்த கைக்கும் தொடர்பில்லை. அமெரிக்காவில் நெவாடா மாநிலத்தில், திரையில் காட்ஸ் காட்டும் மெஷின் உண்மையான கட்டின் வாய்ப்புகளைப் பின்பற்ற வேண்டும் என்றே விதி. உரிமம் இல்லாத இடங்களிலும் போனில் வரும் அப்களிலும் அந்தக் காவல் இல்லை. மேலே சொன்ன கணக்கை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

இன்னொரு வாதம் இதைவிடப் புத்திசாலித்தனமாகத் தெரியும். ரோயல் சுமார் 40,000 கைக்கு ஒரு தரம் வரும், வேகமாக விளையாடினால் சீக்கிரம் வருமே என்பார்கள். சரி, கணக்குப் போடுவோம். 300 வேகத்தில் 40,000 கைக்கு 133 மணித்தியாலம், 600 வேகத்தில் 67. நேரம் பாதிதான். ஆனால் ரோயலைத் தவிர்த்துப் பார்த்தால் 9-6 மெஷின்கூட 97.56 சதவீதம்தான் தருகிறது. 100 ரூபாய்ப் பந்தயத்தில் 40,000 கைக்கு 97,600 ரூபாய் போகும், ரோயல் வந்தால் 80,000 வரும். எந்த வேகத்திலும் இது மாறாது. 8-5 மெஷினில் அதே 80,000க்காகப் போவது கிட்டத்தட்ட 1,90,000. அதோடு 40,000 என்பது சராசரி மட்டுமே, அதற்குள் வந்தே தீரும் என்று யாரும் எழுதித் தரவில்லை.

வேகத்தை ஏற்றிவிடும் விஷயங்கள்

நம் ஆட்களுக்கு முதலாவது நுழைவு வரி. இலங்கைக் குடிமக்கள் கசினோவுக்குள் போக, டொலர் கணக்கில் நிர்ணயித்த நுழைவு வரி கட்ட வேண்டும். வெளிநாட்டவருக்கு அது இல்லை. போகும் நாளில் எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிரச்சினை தொகை மட்டுமல்ல. கட்டியதை எடுத்துவிட வேண்டும் என்ற எண்ணம் முதல் கையிலிருந்தே விரலைத் துரத்தும். மேலே போட்ட கணக்கைப் பாருங்கள், சராசரியில் எந்த வேகமும் எதையும் எடுத்துத் தராது. அந்த வரியைப் பஸ் காசுபோலச் செலவில் எழுதிவிட்டு உள்ளே போங்கள்.

இரண்டாவது, தூக்கமின்மை. இரவு மெயிலில் ஏறி விடியக் கோட்டையில் இறங்குகிற எல்லோருக்கும் அந்த நிலை தெரியும். அப்படியே போய் மெஷினுக்கு முன்னால் உட்காராதீர்கள். ஒரு அறையில் தூங்கிக் குளித்த பிறகு போங்கள். களைத்த ஆள் மெதுவாக விளையாடுவார் என்று நினைப்போம், நடப்பது மறுபக்கம்: யோசிக்க மனம் வராமல் அழுத்திக்கொண்டே போவார். இலவசமாக வரும் குடிவகையும் அதே வேலையைத்தான் செய்யும்.

மூன்றாவது, பல கை மெஷின். ஒரே நேரத்தில் மூன்று, பத்து, ஐம்பது கை விளையாடும் மெஷின்கள் உண்டு. திரை நிதானமாகத்தான் நகரும். ஆனால் 15 விநாடிக்கு ஒரு தரம் அழுத்தினாலும் பத்துக் கை மெஷினில் மணித்தியாலத்துக்கு 2,400 கை. பந்தயமும் பத்து மடங்கு. தொடங்குபவர்கள் ஒற்றைக் கை மெஷினிலேயே இருங்கள்.

தோற்கும்போது வேகம் ஏறுவது எல்லோருக்கும் தெரியும். வென்ற பிறகும் ஏறும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரே எண் நான்கு வந்து கிரெடிட் 125 கூடியதும் கை துள்ளும். பெரிய வெற்றிக்குப் பிறகு ஒரு கை அளவு நேரம் சும்மா இருங்கள்.

எவ்வளவு காசு, எவ்வளவு நேரம்

300 கை விளையாடினால், ரோயல் வராத மணித்தியாலத்தில் 30, 40 பந்தயம் மேலோ கீழோ போவது சாதாரணம். இரண்டு மணித்தியாலத்துக்கு 100 பந்தயம் எடுத்துப் போனால் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். 100 ரூபாய்ப் பந்தயத்துக்கு 10,000 ரூபாய். இந்தத் தொகை போனால் வீட்டில் எந்தச் செலவும் நிற்கக் கூடாது. நிற்கும் என்றால் 5 ரூபாய் நாணயம், அதுவும் இல்லையென்றால் வேண்டாம். ஏரிஎம் அட்டையை அறையில் விட்டுப் போங்கள். கடன் வாங்கி விளையாடத் தோன்றினாலோ, வீட்டுக்கு மறைக்கத் தோன்றினாலோ வேகத்தைப் பற்றிய பேச்சு அங்கே முடிந்துவிடுகிறது, விளையாட்டை நிறுத்திவிட்டு நம்பிக்கையான ஒருவரிடம் கதையுங்கள்.

எப்போது கூட்டலாம்

வீட்டில், கடினமான கைகளாகப் பொறுக்கி வைத்த நூறு கைகளைத் தவறில்லாமல் சொல்ல முடிந்தால் 15இலிருந்து 12 விநாடிக்கு வாருங்கள். அங்கேயே பல நாள் இருங்கள். அதற்கு மேலே போவதற்கு ஒரே நியாயமான காரணம், அட்டவணையோடு, விளையாடிய அளவுக்குக் கசினோ திருப்பித் தரும் புள்ளிச் சலுகையும் சேர்ந்து 100 சதவீதத்தைத் தாண்டுவதுதான். அப்படி அமைந்தால் ஒவ்வொரு கையும் சராசரியில் உங்கள் பக்கம், அதனால் கூடுதல் கை கூடுதல் லாபம். தொழிலாக விளையாடுபவர்கள் பறந்து பறந்து அழுத்துவது இதற்காக. அவர்கள் அட்டவணையைக் கணக்குப் போட்டு, சலுகை நாளைத் தெரிந்து வந்தவர்கள். பக்கத்து மெஷினில் அப்படி ஒருவர் இருந்தால் அவர் விரலைப் பார்க்காதீர்கள், அவர் மெஷினில் ஃபுல் ஹவுஸுக்கும் ஃப்ளஷுக்கும் நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அந்த வகை மெஷின் காலியாக இருந்தால் அதில் போய் உட்காருங்கள், உங்கள் 15 விநாடியோடு.